தந்தையை இழந்த மாணவனுக்கு வகுப்பாசிரியர் எப்படித் துணை நிற்பது?

கேள்வி: எட்டாம் வகுப்பு ஆசிரியை, அம்பாசமுத்திரம் வட்டம்

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பின் வகுப்பாசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை கேரளத்தில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து தவறி விழுந்து, கடந்த ஜூன் மாதக் கடைசியில் இறந்துபோனார். பையன்தான் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் மொட்டைத் தலையோடு பள்ளிக்கு வந்த அன்று, அவனிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். நல்லது செய்வதாகத்தான் அப்போது நினைத்தேன். அவன் வாசலில் வந்து நின்றதும் நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்திக்கொண்டது அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் மனம் வலிக்கிறது.

முன்பு வாய் ஓயாத பையன் அவன். இப்போது வருகைப் பதிவின்போது "உள்ளேன் டீச்சர்" என்று சொல்வதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடுகிறது. மதியச் சத்துணவில் சோற்றைப் பாதி அளைந்துவிட்டு, முட்டையை மட்டும் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள்கிறான். யாருக்கு என்று கேட்டதற்கு, "அம்மைக்கு" என்றான். தாயார் வீட்டில் பீடி சுற்றுகிறார். பால்வாடிக்குப் போகும் வயதில் ஒரு தங்கையும் இருக்கிறாள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை என்றதும், பழக்கத்தில் பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு அழைத்துவிட்டேன். எடுத்தது அந்தப் பையன். "இது அப்பா போனு டீச்சர்" என்றான். அதற்குப் பிறகு இரண்டு பேராலும் பேச முடியவில்லை.

எங்கள் பள்ளியில் மனநல ஆலோசகர் என்று தனியாக யாரும் இல்லை. அவன் வீட்டுக்கு நான் போகலாமா, போனால் என்ன பேசுவது, தந்தையைப் பற்றிய பேச்சை எடுக்கலாமா அல்லது அவன் மறக்கட்டும் என்று விட்டுவிடுவதா, காலாண்டுத் தேர்வு வருகிறதே, படிப்பை வற்புறுத்தலாமா என்பதையெல்லாம் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை

அம்மா, நீங்கள் அவசியம் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். நம் பக்கத்தில் துட்டி (துக்கம்) கேட்கப் போகாமல் இருப்பதை எவ்வளவு பெரிய குறையாக நினைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் மட்டும் அந்த முறையிலிருந்து விலகி நிற்பது ஏன் என்று எனக்குப் பணிக்காலம் முழுவதும் புரியவில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, இன்னோர் ஆசிரியையையும் அழைத்துக்கொண்டு போங்கள். முதல் தடவை போகும்போது மதிப்பெண் பட்டியலையோ, வராத நாள் கணக்கையோ கையில் கொண்டு போகாதீர்கள். போய் உட்கார்ந்து இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர் எப்போதாவது பள்ளிக்கு வந்து உங்களோடு பேசியிருந்தால் அதைச் சொல்லுங்கள். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். தந்தையை மறக்கச் செய்வது நம் வேலை அன்று, மறக்கவும் மாட்டான். அவரைப் பற்றிப் பேசினால் இந்த ஆசிரியை முகம் சுளிக்க மாட்டார் என்று அவனுக்குத் தெரிந்தால் போதும்.

அந்த முட்டையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது, துட்டி வீட்டுக்கு வருகிறவர்கள் பையனின் தோளில் கை வைத்துச் சொல்லும் ஒரு வார்த்தைதான் என் நினைவுக்கு வந்தது. "இனி நீதாம்ல வீட்டுக்கு ஆம்பள, அம்மையையும் தங்கச்சியையும் நீதான் பாக்கணும்." அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அன்று முதல் அழுவதை நிறுத்திவிடுகிறான். குடும்பத்தைப் பார்க்கப் பெரியவர்கள் இருக்கிறார்கள், நீ எட்டாம் வகுப்புப் படிக்கிற பையன், அது போதும் என்று யாராவது ஒருவர் அவனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தாய்மாமனோ சித்தப்பாவோ இருந்தால் அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பது இன்னும் நல்லது.

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் தாயை இழந்த மாணவன் ஒருவனுக்கு, மனம் வேறு பக்கம் திரும்பட்டும் என்று வகுப்புத் தலைவன் பொறுப்பைக் கொடுத்தேன், விளையாட்டு விழாப் பொறுப்பையும் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான். பையன் தேறிவிட்டான் என்று ஆசிரியர் அறையில் பெருமையாகப் பேசிக்கொண்டோம். பொங்கல் விடுமுறை முடிந்து அவன் திரும்பவே இல்லை. சென்னையில் ஒரு மளிகைக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். அத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட, "அம்மா இல்லாமல் வீட்டில் எப்படி இருக்கிறதப்பா?" என்று நான் கேட்கவில்லை.

பதிவேட்டு விஷயத்தில் தாயாரிடம் கேட்டுவிட்டு, அழைக்க வேண்டிய எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். தந்தை பெயர் இருக்கும் இடத்தில் கை வைக்க வேண்டாம். அவன் தலைப்பெழுத்து தந்தையுடையதுதான், அது என்றைக்கும் அவனோடு இருக்கும். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் "அப்பா என்ன வேலை?" என்று கேட்டுப் படிவம் நிரப்பும் வழக்கத்தையும், தரநிலை அட்டையில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா என்று பொதுவாகச் சொல்லும் வழக்கத்தையும் இந்த ஒரு பையனுக்காக மட்டுமில்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் விட்டுவிடலாம். வீட்டிலிருந்து ஒருவர் கையெழுத்து என்றால் போதுமே.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல அனுமதியுங்கள். நம் மாவட்டத்தில் ஆசிரியர் எந்தத் தெருவுக்குப் போகிறார், எந்தத் தெருவுக்குப் போகவில்லை என்பதை ஊர் கவனிக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சாதி வெறியில் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பள்ளி நல அலுவலர்களை நியமிக்கப் பரிந்துரைத்தது. அப்படி ஒருவர் வரும்வரை அந்த வேலை வகுப்பாசிரியருடையதுதான். ஆகையால் இந்த வீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், வாரம் இரண்டு வீடு என்று வைத்து ஆண்டு முடிவதற்குள் வகுப்பிலுள்ள எல்லார் வீட்டுத் திண்ணையிலும் ஒரு முறை உட்கார்ந்துவிடுங்கள். துட்டி வீட்டுக்குத்தான் டீச்சர் வருவார் என்ற பேச்சும் அப்போது இருக்காது.


பதில்: ஒரு தாய், முக்கூடல் பக்கம்

வணக்கம் டீச்சர். நான் சொல்லச் சொல்ல என் மகள் தட்டச்சு செய்கிறாள். நானும் பீடி சுற்றுகிறவள்தான். நான்கு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரர் தவறியபோது மகள் ஆறாம் வகுப்பு படித்தாள்.

அப்போது அவள் படித்த பள்ளியில், பிள்ளை வகுப்பில் தூங்குகிறாள் என்று காலை பதினொரு மணிக்கு என்னை வரச் சொல்வார்கள். பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்கி வந்தால் அதற்குக் கணக்காகப் பீடியைத் திருப்பிப் போட வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் அந்த வாரக் கூலி குறையும். பகலில் பாதி நாள் போனால் ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு சுற்றுவேன், அந்த வெளிச்சத்தில் மகளும் தூங்காமல் படுத்திருப்பாள், மறுநாள் வகுப்பில் தூங்குவாள், மறுபடியும் என்னைக் கூப்பிடுவார்கள். அங்கே போனால் "பிள்ளையைக் கவனியுங்கள்" என்பார்கள். கவனிக்காமலா இருக்கிறேன் என்று வாய் வரைக்கும் வரும், சொல்ல மாட்டேன்.

பிறகு புதிதாக ஒரு டீச்சர் வந்தார்கள். எந்த நேரம் எனக்குத் தோது என்று முதலில் மகளிடம் கேட்டுவிட்டு ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலி எடுத்துப் போட்டதற்கு வேண்டாம் என்று திண்ணையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். நான் மடியில் சுளகை வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தேன். வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. இருபத்தைந்து பீடி சேர்ந்து ஒரு கட்டு முடியும் வரைக்கும் அவர்கள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "நீங்க ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டார்கள். அதுவரை பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று எல்லோரும் என்னிடம் கேட்டார்கள், நான் எப்படி இருக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் நான் சத்தம் போட்டு அழுதேன். உள்ளே இருந்து மகள் ஓடி வந்து அவளும் அழுதாள். அவள் பார்த்துவிடக் கூடாதே என்று நானும், நான் பார்த்துவிடக் கூடாதே என்று அவளும் அத்தனை நாளும் மறைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

அந்தப் பையன் அம்மாவுக்கு முட்டை எடுத்துப் போவதைத் தடுக்காதீர்கள் டீச்சர். அவனால் செய்ய முடிவது அது ஒன்றுதான். அவன் தட்டில் இன்னொரு முட்டை வைக்க வழி இருந்தால் வையுங்கள்.

தீபாவளி வரும்போது கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் என்பதால் வீட்டில் கொண்டாட மாட்டார்கள். மறுநாள் வகுப்பில் புதுத் துணி, வெடி என்று எல்லோரும் பேசும்போது இவன் மட்டும் தனியாக இருப்பான்.


மீண்டும் கேள்வி கேட்டவர்

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சனிக்கிழமை வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். அதற்குள் இன்று ஒன்று நடந்துவிட்டது. கணக்கு நோட்டுகளைத் திருத்தும்போது அவனுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில், "அப்பாட்ட போகணும்" என்று பென்சிலால் எழுதி அழித்திருப்பதைப் பார்த்தேன். அழித்த பிறகும் எழுத்து தெரிகிறது. இதை அவனிடம் கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே கிளறிவிட்டதாக ஆகுமா? யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துக் கேட்கலாமா?


பதில்: பள்ளி மனநல ஆலோசகர், திருநெல்வேலி

சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே பேசுங்கள், தலைமையாசிரியருக்கு இன்றே தெரிவித்துவிடுங்கள். முடிந்தால் இன்றிரவே தாயாரை அழைத்து, "இன்றைக்கு அவனைத் தனியாக விடாதீர்கள், நாளை நேரில் பேசுகிறேன்" என்று பதற்றமில்லாமல் சொல்லுங்கள்.

கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம் பலருக்கும் உண்டு. அது உண்மையன்று, இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர்களும் அதையே சொல்கிறார்கள். யாரும் கேட்காதபோதுதான் அந்த எண்ணம் தனியாக வளர்கிறது. மற்றவர்கள் காதில் விழாத, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஓர் இடத்தில், வேப்ப மரத்தடியிலோ வராந்தாவின் ஓரத்திலோ பக்கத்தில் உட்காருங்கள். நோட்டை நீட்டிக் குற்றம் கண்டுபிடித்த தோரணையில் பேசாமல், "இதைப் பார்த்தேன், உன்னை நினைத்துக் கவலையாக இருந்தது, அதனால் கேட்கிறேன்" என்று தொடங்கி, சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "அப்பாவைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறதா, இல்லை, செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா?" தந்தையை இழந்த பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் உள்ளதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் நாமாக அப்படி முடிவு செய்துகொள்ளக் கூடாது. இரண்டாவது என்று சொன்னாலோ, எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருப்பதாகத் தெரிந்தாலோ அவனை ஒரு நிமிடமும் தனியாக விடாதீர்கள். தாயாரை வரவழைத்து அன்றே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை நாள் முழுவதும் கிடைக்கும், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். உங்கள் மாணவனுக்கு மட்டுமன்று, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் ஆசிரியரும் அந்த எண்ணில் பேசலாம். வயல் வேலை உள்ள வீடானால் பூச்சிமருந்து டப்பா எங்கே இருக்கிறது என்று தாயாரிடம் அவசியம் கேட்டு, அதை வீட்டில் இல்லாமலோ பூட்டிலோ வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர்களில் பல பிள்ளைகளை நாம் இழந்தது கைக்கெட்டும் தூரத்தில் அது இருந்ததால்தான்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற வாக்கை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவி செய்யக்கூடியவர்களைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன், அவர்களிடம் சொல்லும் முன் உன்னிடம் சொல்லிவிட்டே சொல்வேன்" என்பதுதான் நம்மால் காப்பாற்ற முடிந்த வாக்கு. பாலியல் துன்பம் பற்றி ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி அதை நாம் தெரிவித்தே ஆக வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

இழப்பைச் சந்தித்த பிள்ளைகளைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரியவர்களின் துக்கம் தொடர்ந்து இருக்கும்; பிள்ளைகளுக்கு அது விட்டு விட்டு வரும். மைதானத்தில் கபடி விளையாடிச் சிரித்தவன் அடுத்த பாடவேளையில் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுப்பான். அந்த வலி நடிப்பன்று, அந்தச் சிரிப்பும் மறதியன்று. பல பிள்ளைகள் மனத்துக்குள், தான் செய்த எதனாலோதான் இது நடந்தது என்று நம்பிக்கொண்டிருக்கும். கடைசியாகப் பேசியது என்ன, கடைசியாகக் கேட்டது என்ன என்பதில்தான் பெரும்பாலும் அந்த முடிச்சு இருக்கும். அதை அவனாகச் சொல்லும்போது "சீச்சீ, அப்படியெல்லாம் இல்லை" என்று உடனே மூடிவிடாமல் முழுவதையும் சொல்ல விடுங்கள்.

ஒரு நாள் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, செவ்வாயும் வெள்ளியும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் என்று வைத்து அதைத் தவறாமல் காப்பாற்றுவது பயன்தரும். அவன் பேசாவிட்டாலும் பரவாயில்லை, சேர்ந்து நோட்டுகளை அடுக்குங்கள். வராமல் போக நேர்ந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சொல்லாமல் காணாமல் போன ஒருவரால்தான் அவன் இப்படி இருக்கிறான். காலாண்டுத் தேர்வை எழுதட்டும், பள்ளியின் அன்றாட ஒழுங்கு அவனுக்கு ஒரு பிடிமானம். மதிப்பெண்ணை மட்டும் இந்த முறை பேச்சாக்க வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் சரியில்லாமல், நண்பர்களை விட்டு முழுவதும் விலகியே இருந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்களும் இதைத் தனியாகச் சுமக்காமல், பள்ளியில் ஒருவரிடமாவது வாரம் ஒரு முறை மனம்விட்டுப் பேசுங்கள்.


பதில்: அலுவலக உதவியாளர், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி

ஆலோசகர் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் தாள் வேலை எனக்குத் தெரியும். வருமானம் ஈட்டிய தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்புத்தொகை வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் உள்ளது. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், பள்ளி எடுத்துச் சொல்லாவிட்டால் குடும்பத்துக்குத் தெரியவே வராது. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவை தேவைப்படும். இறப்பு நடந்த ஊரில்தான் அது பதிவாகும் என்பதால் சான்றிதழ் கேரளத்திலிருந்து வர வேண்டியிருக்கும், அதை முதலில் பாருங்கள். கணவரை இழந்த தாயின் பிள்ளைகளுக்கு, கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால், மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய்க்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். தாயாரிடம் பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகைக்கும் வழி உண்டு. தந்தை கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தாரா என்றும் கேளுங்கள். அந்த அம்மாவை ஒவ்வோர் அலுவலகமாக அலையவிடாமல், படிவங்களை நீங்களே நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டால் அவருக்கு எத்தனையோ நாள் கூலி மிச்சமாகும்.


மீண்டும் கேள்வி கேட்டவர், இரண்டு வாரம் கழித்து

அனைவருக்கும் மறுபடியும் வணக்கம். மறுநாள் காலையிலேயே அவனோடு உட்கார்ந்து, ஆலோசகர் சொன்ன வார்த்தைகளிலேயே கேட்டேன். நெடுநேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்துவிட்டு, "சாகணும்னு இல்ல டீச்சர், அப்பாட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். தந்தை கடைசியாகப் பேசியபோது ஊருக்கு வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கிரிக்கெட் மட்டை என்று சொல்லிவிட்டு, நண்பர்கள் கூப்பிட்டதால் இவன் பேச்சை முடிக்காமலேயே போனை வைத்துவிட்டான். அந்த மட்டைக்காகத்தான் அப்பா கூடுதல் நேரம் வேலை பார்த்து, களைப்பில் விழுந்தார் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் மறுத்துப் பேசாமல் முழுவதையும் கேட்டேன்.

அவனிடம் சொல்லிவிட்டு, சாயங்காலம் அவன் வீட்டுத் திண்ணையில் அவன் தாயாரிடமும் அதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கத்தரியை அப்படியே சுளகில் வைத்துவிட்டு, அன்றைக்கு அவன் அப்பாவும் உடன் வேலை பார்த்தவர்களும் விழுந்தது காலை வேலை தொடங்கிய சற்று நேரத்தில், சாரக் கம்பு முறிந்ததால்தான் என்று உடன் இருந்தவர்கள் சொன்னதை மகனிடம் முதல் தடவையாக விவரித்தார். "ஒங்க அப்பா மட்ட வாங்கணும்னு எங்கிட்ட சந்தோசமாச் சொன்னாவல" என்றார். பையன் அன்று அழுதான். மாவட்ட மனநல மருத்துவரும் அவனைப் பார்த்துவிட்டார், அடுத்த மாதமும் வரச் சொல்லியிருக்கிறார். இறப்புச் சான்றிதழுக்கு அவன் மாமா கேரளம் போயிருக்கிறார்.

செவ்வாயும் வெள்ளியும் சேர்ந்து நோட்டு அடுக்குகிறோம். சில நாள் பேசுவான், சில நாள் பேச மாட்டான். அந்த நாள்களில் வீட்டிலிருந்து ஒரு முட்டை அவித்துக் கொண்டுபோகிறேன். நேற்று அதைத் தின்றுவிட்டு, சத்துணவு முட்டையை வழக்கம்போல் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.